பின்தங்கிய பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்குப் போதை மீட்புச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி அளிக்க நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
கல்வராயன்மலை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் போதை மீட்புச் சிறப்புப் பயிற்சி – நிதி ஒதுக்கீடு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. போலீஸார் எங்கள் மலையில் ஓடை ஓடையாகத் தேடி ஊறல்களைக் கொட்டி அழித்தார்கள். அதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஆனால் இருபது ஆண்டுகளாகக் குடித்த உடம்புக்குச் சாராயம் திடீரென்று கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இந்த மனுவில் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மகளின் திருமணத்துக்கு முன் குடியை விட்டுவிடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றார். அங்கே இல்லாத ஆட்களோடு பேசினார். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போனார்கள். வலிப்பு வந்த பிறகே மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸை வரவழைத்தார். மலையிறங்கும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அந்த மருத்துவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. குடியை நிறுத்தியவருக்கு எந்த மருந்தை எந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு என்ன ஆபத்து என்பதையெல்லாம் நோயாளியின் அருகில் நிறுத்தி அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியை மறக்கச் செய்யும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததைக் கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து போட்ட பெண்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அது, மதுவை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தாக இருந்து, அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கேட்பதற்கு ஒரு மருத்துவர் பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண் இப்படிச் செய்வாள்?

மத்திய சமூக நீதித் துறைக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் கூலி வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி, வாரம்தோறும் அங்கே போய்வர எங்களால் முடியாது. போதை மனநல மருத்துவத்தில் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு படித்தவர்கள் வெள்ளிமலைக்கு வந்து தங்குவார்கள் என்று காத்திருக்கவும் எங்களுக்குக் காலம் இல்லை. மலையில் ஏற்கெனவே பணிபுரியும் மருத்துவருக்குப் பயிற்சி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது நடக்காத காரியம் அல்ல. 2016-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்த பீகாரின் மருத்துவர்களுக்குப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் பயிற்சி அளித்தது. ஊர் திரும்பிய பிறகும் அவர்களின் நோயாளிகளைப் பற்றிக் காணொளியில் கலந்து பேசி வழிகாட்டியது.

அதேபோல, முதற்கட்டமாகக் கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய இடங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து தலா ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் தேர்ந்தெடுத்து, நிம்ஹான்ஸிலோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ நேரடிப் பயிற்சி அளிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளம், தங்கும் செலவு, அவர்கள் இடத்தில் பணியாற்ற மாற்று மருத்துவர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். மாற்று ஆள் இல்லாவிட்டால் எந்த மருத்துவரையும் பயிற்சிக்கு விடுவிக்க மாட்டார்கள். பயிற்சி முடித்தவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதே பகுதியில் பணியாற்ற வேண்டும். அதற்கு ஈடாக முதுநிலைப் படிப்புக்கான அரசு மருத்துவர் ஒதுக்கீட்டில் கூடுதல் மதிப்பெண் தரலாம். தேவையான மருந்துகளும் அந்தந்த நிலையத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும்.

நிதி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கூலிப் பணமும் அதில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் இந்தப் பயிற்சிக்கென்று தனியே ஒதுக்கக் கேட்பது எங்கள் உரிமை என்று நம்புகிறோம். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் நோயாகவே ஏற்று, சிகிச்சை பெறும் உரிமையை அளித்திருக்கிறது.

வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு வழிசெய்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்

இடம்: வெள்ளிமலை

நகல்: மாவட்ட ஆட்சியர், கள்ளக்குறிச்சி