பேண்டு பெட்டியைப் பிரிக்காதீர்கள்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் மூடப்படும் பிரெஞ்சுப் பங்கு ஆலயங்கள், சங்கக் கட்டடங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஆலயத்தை மூடும்போது கண்ணாடி ஓவியங்களுக்கும் மணிகளுக்கும் பட்டியல் போடுகிறீர்கள். ஊர் பேண்டு வாத்தியக் குழுவின் வாத்தியங்களும் இசைத்தாள்களும் கொண்டு அடித்தளத்தில் கிடக்கும் பேண்டு பெட்டி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. காலி செய்யும் நாளில் டிரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை யாரோ எடுத்துப் போகிறார், பெருமுரசு பழம்பொருள் கடைக்குப் போகிறது, இசைத்தாள்கள் குப்பைக்குப் போகின்றன. ஓர் ஊரில் மட்டும் நடந்திருந்தால் அங்கே தனியாகக் கேட்டிருப்போம். ஊர் ஊராக நடக்கிறது. அதனால் எல்லோரிடமும் பொதுவில் கேட்கிறோம். தயவுசெய்து பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள் லூயிஸ்டன், பிடிஃபோர்ட், மான்செஸ்டர், வூன்சாக்கெட் என்று எங்கே குடியேறினாலும் ஆலயம், பள்ளியோடு பேண்டும் எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிடிஃபோர்டின் பான்ஷோ பேண்டு 1870களிலேயே தொடங்கியது. ஜூன் 24, திருமுழுக்கு யோவான் திருநாள் ஊர்வலம் பேண்டு இல்லாமல் நகர்ந்ததில்லை.

அந்த ஊர்வலத்தில் வாசித்த தாள்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டே வாசிப்பதற்காக அச்சிட்ட தாள் சுமார் 17 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம்தான். வாத்தியத்திலேயே பொருத்திய சிறு கவ்வியில் அது நிற்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு வாத்தியத்தின் பகுதி மட்டுமே இருக்கும். 25 பேர் பேண்டுக்கு 25 சிறு புத்தகங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகக் காட்டும் முழு ஸ்கோர் அந்தக் கால அணிவகுப்பு இசைக்குப் பெரும்பாலும் அச்சாகவே இல்லை. நடத்துநர் முதன்மைக் கார்னெட்டின் தாளை வைத்தே நடத்தினார். ஆகவே அந்த 25 புத்தகங்களும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு.

சில பகுதிகள் தொலைந்தால் ஈடுகட்டலாம். இரண்டாம் ஆல்ட்டோ ஹாரன் என்ற ஊதுகருவி தாளத்தின் எதிரடியில், ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்களை நிரப்புவது. மற்ற ஆல்ட்டோக்களையும் பேஸையும் பார்த்து எழுதிவிடலாம். யூபோனியம் என்ற கனத்த குரல் ஊதுகருவி அப்படியல்ல. அணிவகுப்புப் பாட்டான மார்ச்சின் மூன்றாம் பிரிவில் முதன்மை மெட்டுக்கு எதிராக ஓடும் தனி மெட்டு பெரும்பாலும் அதனிடம்தான் இருக்கும். அந்த ஒரு புத்தகம் போனால் அதை ஊகித்து எழுத யாராலும் முடியாது. “முழுமையாக இல்லை” என்று சொல்லி மீதி 24-ஐயும் எறிவது அதைவிடக் கொடுமை.

அச்சிட்டது வேறு ஊரில் கிடைக்கலாம். உள்ளூர் பேண்டு மாஸ்டர் தானே எழுதி மையால் படியெடுத்த வால்ட்ஸ் நடன இசைக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு பிரதி இருக்காது. அச்சுத் தாளிலும் பென்சில் குறிகள் உண்டு: எந்தப் பிரிவைத் திரும்ப வாசிப்பது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது. பகலில் ஊர்வலத்தில் கிளாரினெட் ஊதியவரே இரவு சங்க மண்டபத்தில் சாக்ஸபோன் ஏந்தி நடனத்துக்கு வாசித்தார். 1920, 30களின் நடன இசைக் கட்டில் சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், வயலின், பியானோ, பாஞ்சோ, பேஸ், டிரம்ஸ் எனப் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்தே வையுங்கள்.

வாத்தியங்களைப் பளபளப்பாக்கி விற்பதையும் நிறுத்துங்கள். பழைய வாத்தியங்கள் பல இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு அல்ல, 452 முதல் 457 வரையிலான உயர்சுருதிக்குச் செய்தவை. அதைச் சொல்லும் முத்திரையைப் பாலிஷ் சக்கரம் தேய்த்து அழித்துவிடுகிறது. பிறகு அந்த வாத்தியத்தை வாங்குபவர் சுருதி சேரவில்லை என்று மூலையில் போடுகிறார்.

இந்தச் சமூகத்தின் வரலாறு என்றாலே தறியும் கூலியும் வறுமையும்தான் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. சுவரில் பேண்டின் படம் சட்டமிட்டுத் தொங்குகிறது; அந்தப் பேண்டு என்ன வாசித்தது என்று கேட்டால் பதில் இல்லை. கனடாவின் தேசிய கீதத்துக்கு 1880-இல் இசையமைத்த, கியூபெக்கில் பிறந்த கலிக்ஸா லவாலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நான்காம் ரோட் ஐலண்ட் படைப்பிரிவின் பேண்டில் கார்னெட் வாசித்தவர். 1891-இல் பாஸ்டனில் இறந்தவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர்களே பெயர் தெரியாத நூறு கார்னெட்காரர்களின் தாள்களைக் கிழிக்க விடுவது எங்களுக்கு ஆறவில்லை. பனியில் புதையாமல் நடக்கக் காலில் அகன்ற மட்டை கட்டிக்கொள்ளும் மன்றங்களின் முரசு, பியூகிள் அணிகளின் நிலை இன்னும் மோசம். அந்த மன்ற மரபை இந்த ஊர்களில் 1920களில் தொடங்கிவைத்தது லூயிஸ்டனின் லெ மோன்தன்யார் மன்றம். வால்வு இல்லாத பியூகிளில் சில ஸ்வரங்களே வரும் என்பதால் பெரும்பாலும் காதால் கேட்டே கற்றார்கள். எழுதிவைத்த துண்டுக் காகிதம் எதுவானாலும் அரிது.

கோபத்தை மீறிக் கேட்கிறோம். செய்ய வேண்டியது அதிகமில்லை. தலைப்பு வாரியாக அடுக்காதீர்கள். அட்டையில் இருக்கும் எண் வரிசை பேண்டே வைத்துக்கொண்டது. கிடைத்த வரிசையிலேயே விடுங்கள். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள், பசை மைக்குள் இறங்கும். பூஞ்சை பிடித்ததைத் தனியே வைத்து நிழலில் காற்றாட விடுங்கள். ஸ்கேன் செய்வதானால் 400 டிபிஐ, வண்ணத்தில், அட்டையோடு. கறுப்பு வெள்ளையில் பென்சில் குறி மறைந்துவிடும். பெருமுரசின் தோலில் பேண்டின் பெயர் இருந்தால் தோலை மாற்றாதீர்கள்.

லூயிஸ்டனில் புனித மரியாள் ஆலயம் 2000-இல் மூடப்பட்டபின் கலை அரங்காகப் பிழைத்தது. கட்டடத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு பெட்டிக்கும் செய்யலாம். சதர்ன் மெய்ன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ்டன் வளாகத்திலும் வூஸ்டரின் அசம்ப்ஷன் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சு அமெரிக்க வரலாற்றுக்கெனவே சேகரிப்புகள் இருக்கின்றன. காலி செய்யும் தேதி முடிவானதும், ஆட்கள் உள்ளே நுழையும் முன், அவர்களுக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். பதில் வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல், ஈரமில்லாத அறையில் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பழைய பேண்டு இசைத்தாள்களை வரிசைப்படுத்தும் பணியில் உள்ளோர்