படத்துக்குக் கீழே தேதியையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேர்தல் நெருங்கினால் எங்கள் வடசென்னைத் தெருக்களில் வேட்பாளர்கள் செய்யாத வேலை இல்லை. தோசை சுடுவார்கள், துணிக்கு இஸ்திரி போடுவார்கள், துடைப்பத்தை வாங்கி நாலடி பெருக்குவார்கள். மே தினம் என்றால் சிவப்புச் சட்டை. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம், உங்களுடையதிலும்தான். பொழுதுபோக்குக்குச் சரி. ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தையும் இந்தப் படங்களே அடைத்துக்கொள்கின்றன.

இதில் கட்சி வித்தியாசம் கிடையாது, நாட்டு வித்தியாசமும் கிடையாது. 2024 அக்டோபரில் டிரம்ப் ஏப்ரன் கட்டிக்கொண்டு பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் உருளைக்கிழங்கு வறுத்தார். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தலாமா என்று நிருபர்கள் கேட்டதும், ஊழியர்களைப் புகழ்ந்துவிட்டு நழுவினார். அங்கே மத்திய அரசு நிர்ணயித்த ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். உயர்த்தச் சொல்லும் ஜனநாயகக் கட்சியினர் சிலரும் 2014இல் அந்த ஊதியக்காரரைப் போல ஒரு வாரம் 77 டாலரில் வாழ்ந்து காட்டினார்கள். எட்டாவது நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம்.

நம் கதைக்கு வருவோம். ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று 1957இலேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு சொல்லிவிட்டது: ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று பேர் அளவுக்குச் சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருளும் விளக்கும். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவும் இருந்தும், 2017இல் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிமட்டக் கூலி நாளுக்கு 176 ரூபாய். இரண்டு வருடம் கழித்து அதில் ஏறியது இரண்டு ரூபாய். 375 ரூபாயாவது வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவே 2019இல் சொல்லியும் அறிக்கை தூங்கியது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளம் மட்டும் இப்படித் தூங்குவதில்லை. விலைவாசியோடு ஏறும்படி 2018இலேயே சட்டம் செய்துகொண்டார்கள். 2025 மார்ச்சில் மாதம் ஒரு லட்சம் என்பது 1.24 லட்சம் ஆனது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. அதற்காக யாரும் தோசை சுடவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். தமிழ்நாட்டில் தொழில்வாரியாக அரசு அடிப்படைக் கூலியை நிர்ணயிக்கும். சென்னை விலைவாசிப் புள்ளியை வைத்து ஏப்ரல்தோறும் அகவிலைப்படி (டிஏ) கூடும். அந்த டிஏவைக் காட்டித்தான் 'கூலி ஏறிவிட்டது' என்பார்கள். அடிப்படைக் கூலியைத் திருத்தினால்தான் உண்மையில் ஏற்றம். அதை ஐந்து வருடத்துக்குள் திருத்த வேண்டும் என்றது 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டம். எந்தத் தொழிலுக்கு எப்போது திருத்தினார்கள் என்று மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அப்புறம் கான்ட்ராக்டர் சமாச்சாரம் தனி. வங்கியில் முழுச் சம்பளம் ஏறும், சாயங்காலம் ஒரு பங்கு கையில் திரும்பி வாங்கப்படும். இதைப் பிடிக்க லேபர் ஆபீஸில் ஆள் வேண்டும், கேமரா போதாது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன் போராட்டத்தில் உட்கார்ந்ததை நீங்களும் எழுதினீர்கள். துப்புரவு வேலை தனியாரிடம் போனால் சம்பளம் குறையும், வேலை நிலைக்காது என்பதுதான் அவர்கள் பயம். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் பணியாளர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை அறிவித்தவற்றில் இலவசக் காலை உணவும் ஒன்று. சாப்பாடு போடுவது நல்ல காரியம்தான், அதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் அவர்கள் கேட்டது சம்பளத்தை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கிளம்பிய பெரம்பூர்ப் பக்கத்து ஆட்களிடம் படம் காட்டிப் பயனில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு தலைவர் இஸ்திரிப் பெட்டியோடோ துடைப்பத்தோடோ நிற்கும் படத்தைப் போட்டால், அந்தத் தொழிலுக்கு அரசாணைப்படி நாள் கூலி எவ்வளவு, கடைசியாகத் திருத்தியது எந்த வருடம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை