கையுறையைக் கழற்றுவதா, கோல் முன்னால் நிற்பதா

ஸ்கார்பரோ, டொராண்டோ
17 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நான் நலம். அத்தையும் ஆச்சியும் சுகமாக இருப்பதாக அம்மா சொன்னாள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? அனுப்பிய பணத்தில் முதலில் மருந்துச் செலவைப் பாருங்கள், எனக்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டாம்.

அன்றைக்கு போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, பஸ் வந்துவிட்டது. நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுக்குப் பேரு ஹாக்கியா? அம்பயர் பக்கத்துல நின்னு வேடிக்கைல்லா பாக்காரு" என்றீர்கள். அது மார்ச் 2ஆம் தேதி எங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் ஆடிய ஐஸ் ஹாக்கி ஆட்டம். அந்த நெட்டை ஆள் மாட் ரெம்பி, 21 வயது, ஆறரை அடிக்கும் மேல். எங்கள் பக்கம் ரயன் ரீவ்ஸ், 37 வயது. இப்படி இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டு மோதினால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒருவர் போய்விடுவதால் ஐஸில் ஆள் குறையாது. யாராவது கீழே விழும்வரை நடுவர்கள் பெரும்பாலும் கிட்டே போவதில்லை. சுற்றுகிற கைகளுக்கு நடுவில் தலையைக் கொடுக்க அவர்களுக்கென்ன தலையெழுத்து!

இங்கே ஹாக்கி பேசாமல் யாரோடும் ஒட்ட முடியாது. நான் வேலை பார்ப்பது உறைபனிக் கிடங்கில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உள்ளே எந்நேரமும் பூஜ்யத்துக்கும் கீழே. மார்ச் பாதி போய்விட்டது, வெளியேயும் கோட்டு இல்லாமல் நடக்க முடியவில்லை. சேர்ந்த புதிதில் நானும் ஹாக்கி ஆடினவன், கோவில்பட்டிக்காரன் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இங்கே தரையில் ஆடும் ஹாக்கியைப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள்தான் அதிகம் ஆடுவார்களாம். ஒரு நாள் பந்தை மட்டையில் ஒட்டவைத்து ஓட்டிக் காட்டிய பிறகுதான் சாப்பாட்டு அறையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்த அறையில் இப்போது ஒரே வழக்கு. 82 ஆட்டம் கொண்ட சீசன் ஏப்ரலில் முடிகிறது. அப்புறம் 16 அணிகளுக்குப் பிளேஆஃப். ஒரே எதிரியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம், நான்கில் ஜெயித்தால் அடுத்த சுற்று, இப்படி நான்கு சுற்று தாண்டினால் ஸ்டான்லி கோப்பை. லீஃப்ஸ் கடைசியாக அந்தக் கோப்பையைத் தூக்கியது 1967இல், அண்ணா முதலமைச்சரான வருஷம். அதற்குப் பிறகு இறுதிச் சுற்றைக்கூட எட்டவில்லை. காரணம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது, "நம்ம பையன்கள் டஃப் கிடையாது. பிளேஆஃப் வருவதற்குள் நாலு முரடர்களைப் பிடித்துப் போட வேண்டும்."

இந்த வருஷம் அது சூடு பிடித்ததற்குக் காரணம் பாஸ்டன் அணி. நவம்பர் 2ஆம் தேதி பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் அவர்களுடைய பிராட் மார்ஷாண்டோடு மல்லுக்கட்டியபடி மூலைக்குப் போன நம் லில்யெக்ரென், ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையில் மோதி கணுக்காலைக் கெடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் ஒருவரும் மார்ஷாண்டின் சட்டையைப் பிடித்து 'என்னடா இது' என்று கேட்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர், அன்றைக்கு அவர் வெட்கப்பட்ட மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. எங்களோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எண்பதுகளில் இங்கே வந்தவர். அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: "வென்டல் கிளார்க் மாதிரி ஒருத்தன் வேணும் தம்பி." கிளார்க் லீஃப்ஸின் பழைய ஆட்டக்காரர். 1993இல் லாஸ் ஏஞ்சலிஸோடு நடந்த முதல் ஆட்டத்தில் எங்கள் கில்மரை அவர்களுடைய மக்ஸோர்லி இடித்துத் தள்ளியதும் கிளார்க் போய் அவரைப் பிடித்து அடித்தாராம். அதை அண்ணன் சொல்லும்போது சாப்பாடு ஆறிப்போகும். "சரி அண்ணே, அந்தத் தொடரில் ஜெயித்தது யார்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஏழாவது ஆட்டத்தில் தோற்றுப் போனார்கள்.

எனக்கு இந்த வாதத்தில் பாதிதான் ஒத்துக்கொள்கிறது மாமா.

போன வருஷம் இரண்டாம் சுற்றில் புளோரிடாவோடு ஐந்து ஆட்டம் ஆடித் தோற்றார்கள். ஐந்திலும் லீஃப்ஸ் அடித்தது இரண்டு இரண்டு கோல்தான், ஒன்றில்கூட மூன்று கிடையாது. அதற்கு முந்தைய வருஷங்களில் வெளியேறின ஆட்டங்களையும் பாருங்கள். 2019இல் பாஸ்டனிடம் 5–1, 2020இல் கொலம்பஸிடம் 3–0, 2021இல் மொன்ட்ரியாலிடம் 3–1, 2022இல் டாம்பாவிடம் 2–1. கோல் அடிப்பதற்கென்றே காசைக் கொட்டி வைத்திருக்கிற அணி இது. ஓர் அணி சம்பளத்துக்குச் செலவு செய்யலாம் என்று லீக் அனுமதிப்பது 8.35 கோடி டாலர். அதில் மாத்யூஸ், மார்னர், டவாரஸ், நைலாண்டர் என்ற நான்கு பேருக்கு மட்டும் நான்கு கோடிக்கு மேல் போகிறது. இவ்வளவு கொட்டியும் கடைசி ஆட்டத்தில் இரண்டு கோலைத் தாண்டவில்லை என்றால், ரீவ்ஸ் யாரைக் குத்தி அதைச் சரிசெய்வார்? அவர் ஓர் ஆட்டத்தில் ஐஸில் இருப்பதே பத்து நிமிடத்துக்குள்தான். பிளேஆஃபில் சண்டையும் குறைந்துவிடும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை அதிகம் என்பதால்.

ஏப்ரலில் மாறுவது வேறு விஷயம். சின்னத் தப்புகளுக்கு நடுவர் விசில் ஊதுவது குறைகிறது. கோலுக்கு நேர் முன்னால் நிற்கிறவன் முதுகில் மட்டையால் இடி விழுகிறது, முழங்கையில் வெட்டு விழுகிறது. சீசனில் தூரத்திலிருந்து அழகாக அடித்த கோல்கள் வராது. கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நிற்கிற ஆள் வேண்டும், பட்டுத் திரும்பி வரும் பக்கை (இங்கே பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டு) தட்டிவிட அங்கேயே நின்று அடி வாங்குகிற ஆள் வேண்டும். நம்ம தரை ஹாக்கியில் ஷார்ட் கார்னர் அடியைத் தடுக்க நீங்கள் முதல் ஆளாகப் பந்துக்கு நேரே ஓடுவீர்களே, அந்தத் துணிச்சல்தான் இதுவும். முட்டியில் பந்து பட்ட தழும்பு உங்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் நீங்கள் யாரையும் கை நீட்டினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முரட்டுத்தனம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு இந்த அணியிலேயே கதை உண்டு. 2001இல் நியூஜெர்ஸியோடு நான்காவது ஆட்டத்தில் ஜெயித்துத் தொடரை இரண்டுக்கு இரண்டு ஆக்குகிற நேரம். கடைசி வினாடிகளில் எங்கள் டை டோமி, பக் பக்கத்திலேயே இல்லாத நியூஜெர்ஸியின் நீடர்மையரை முழங்கையால் இடித்து மயக்கம்போட வைத்தார். டோமிக்கு மீதித் தொடர் முழுக்கத் தடை. ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் அவுட். (அவர் மகன் மாக்ஸ் டோமி இப்போது இதே அணியில் ஆடுகிறார். நல்ல பாஸ் போடுகிற பையன், ஆனால் அப்பா பெயரைச் சொல்லித்தான் கைதட்டுகிறார்கள்.) அப்புறம் நாஸெம் கத்ரி, லெபனான் வம்சாவளி, இதே ஒன்டாரியோவில் பிறந்தவர். யாருக்கும் பயப்படாத ஆள். 2018இலும் 2019இலும் பாஸ்டனுக்கு எதிராகக் கோபத்தில் தப்பு செய்து தடை வாங்கினார், இரண்டு தடவையும் ஏழு ஆட்டத்தில் தோல்வி. சலித்துப்போய் அவரைக் கொலராடோவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் 2022இல் கோப்பையைத் தூக்கினார். இன்றைக்கு 'டஃப் ஆள் இல்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு 'கத்ரியை விரட்டு' என்றவர்கள்தான்.

இருந்தாலும் சூப்பர்வைசர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. போன வருஷம் சீசன் பாதியில் ஓரைலி, அச்சாரி, ஷென், மக்கேப் என்று கனத்த ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம்தான் டாம்பாவை ஆறே ஆட்டத்தில் முடித்து, 2004க்குப் பிறகு முதல் முறையாக ஒரு சுற்றைத் தாண்டினார்கள். அன்று ராத்திரி ஊரே ஹார்ன் அடித்தது. அந்த நால்வரில் யாரும் பெரிதாகச் சண்டை போட்டுப் பெயர் வாங்கவில்லை. தங்கள் கோல் முன்னால் எதிரியை நிற்க விடாமல் தள்ளினார்கள், பலகை ஓரத்தில் பக்கைப் பறித்தார்கள். கோடையில் மக்கேப் தவிர மூன்று பேரையும் போக விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது புரியவில்லை.

இந்த வருஷம் ஆள் மாற்றும் கெடு மார்ச் 8. அதற்குள் இரண்டு தடுப்பாட்டக்காரர்களைப் பிடித்தார்கள். ஒருவர் லுபுஷ்கின், முன்பும் இங்கே இருந்தவர். இன்னொருவர் எட்மண்ட்ஸன், 2019இல் செயின்ட் லூயிஸோடு கோப்பை வாங்கியவர். இது சரியான வாங்கல் என்பது என் கட்சி. ஆனால் எட்மண்ட்ஸன் வந்த அதே 7ஆம் தேதி பாஸ்டனிடம் 4–1, அதற்கு மூன்று நாள் முன்பும் 4–1. இந்த சீசனில் அவர்களோடு ஆடிய நான்கிலும் தோல்வி. முதல் சுற்றில் பாஸ்டனோ புளோரிடாவோதான் வரும் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். பின்வரிசைக்கு இரண்டு ஆள் வாங்கியாயிற்று. முன்வரிசையில் மாத்யூஸ் பிப்ரவரியிலேயே 50 கோலைத் தொட்டுவிட்டார். அவரும் நைலாண்டரும் மே மாதம் வரை அந்தக் குத்துப்படும் இடத்தில் போய் நிற்பார்களா என்பதுதான் கேள்வி. அதைக் கடையில் வாங்க முடியாது.

ரைலி கதையையும் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் அதுதான் எனக்குக் குழப்பம். பிப்ரவரி 10ஆம் தேதி ஒட்டாவாவில், கோல்கீப்பர் இல்லாத வெற்று வலைக்கு ஒரு பொடிப்பையன், ரிட்லி கிரெய்க், வேண்டுமென்றே முழு வீச்சில் அடித்துக் கேலி செய்தான். அணியிலேயே சாதுவான மார்கன் ரைலி போய் மட்டையால் அவன் தலையில் இடித்துவிட்டார். ஐந்து ஆட்டம் தடை. அவர் இல்லாத அந்த ஐந்திலும் அணி ஜெயித்தது! ரைலி கோபப்பட்டதால்தான் எல்லாருக்கும் ரத்தம் சூடானது என்கிறார் சூப்பர்வைசர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அந்த வாரம் சாப்பாட்டு அறையில் அவரோடு வாதாடி நான் ஜெயிக்கவே இல்லை.

நான் தினமும் காபி வாங்கும் டிம் ஹார்டன்ஸ் கடையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அந்த டிம் ஹார்டன் 1967 கோப்பை அணியின் தடுப்பாட்டக்காரர், அந்தக் காலத்தில் லீக்கிலேயே பலசாலி என்று பெயர் எடுத்தவர். யாராவது சண்டைக்கு வந்தால் குத்த மாட்டாராம். இரண்டு கையாலும் கரடி மாதிரி இறுக்கிக் கட்டிப்பிடித்துவிடுவாராம், எதிரி தானாக அடங்குவாராம். யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அவர் இப்ப இல்லையே தம்பி" என்றார்.

பிளேஆஃப் ஏப்ரல் மூன்றாவது வாரம் தொடங்கும். இங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் உங்களுக்கு விடியற்காலை நாலரை. எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்து மைதானத்துக்குக் கிளம்புகிறவர்தானே. முதல் ஆட்டத்துக்கு லிங்க் அனுப்புகிறேன், பக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று திட்டாதீர்கள், இரண்டு நாளில் பழகிவிடும். கோல் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லி சூப்பர்வைசரிடம் ஒரு ரவுண்டு பேச வேண்டும்.

விடுதிப் பையன்களுக்கு மட்டை வாங்க நான் தருவதாகச் சொன்ன தொகையை அடுத்த மாதம் அனுப்புகிறேன். எத்தனை மட்டை, என்ன நீளம் என்று தம்பியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அத்தையை ரொம்ப நடக்கவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்