படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை: கட்டடமும் வாசிப்பு வட்டமும்

அன்புடைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் ஊர்ப் படிப்பகத்தின் திருப்பணி நிறைவடைந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பில்கள் கோப்பில் உள்ளன, யார் கேட்டாலும் பார்க்கலாம். எந்த வேலையை ஏன் அப்படிச் செய்தோம், இனி எதை எப்படிப் பேண வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். ஒவ்வொரு முடிவிலும் குழு ஒரே கேள்வியைத்தான் முன்வைத்தது: இதனால் ஒரு புத்தகமாவது கூடுதலாக இந்த வாசலைத் தாண்டி ஒரு வீட்டுக்குப் போகுமா?

முதலில் கூரை. மரக்கட்டைகளின் மேல் செங்கல் ஒட்டிக் கட்டிய மெட்ராஸ் ஒட்டு மாடியில் மழைநீர் இறங்கியதற்கு இரண்டு காரணங்கள். தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் விட்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர் பிடித்திருந்தது. கன்றை வெட்டினால் மட்டும் போதாது, அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதனால் அந்தப் பகுதிச் செங்கல்லைப் பிரித்து, வேரை முழுவதும் எடுத்த பிறகே திரும்பக் கட்டினோம். தென்மேற்கு மூலையில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுத்து, மேலே புதுத் தட்டோடு பதிக்கப்பட்டது. பிறகு நீர்த்தூம்பை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கீழே ஈரம் தெரியவில்லை. இந்தச் சோதனை முடியாமல் கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுக்கக் கூடாது என்பதை இனி வரும் குழுக்களும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கூரை வேலையைப் பங்குனி வெயிலில் தொடங்க வேண்டும். ஐப்பசி மழை வரும்வரை காத்திருந்தால் நனைவது புத்தகம்தான்.

சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்தோம். இது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர். சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்புப் பூச்சில் சுவர் மூச்சு விடும். கரையானுக்காகச் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒரு துளையாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் வரை மருந்து செலுத்தி அடைத்திருக்கிறோம்.

அலமாரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கண்ணாடிக் கதவு அலமாரிகளில் பூட்டு இருந்தது, சாவி ஒருவரிடம் இருந்தது. கதவுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் ராமபாணப் பூச்சி பெருகியது. இப்போது எல்லாம் திறந்த இரும்புத் தட்டுகள். ஒரு தட்டின் நீளம் 3 அடி. அதற்கு மேல் போனால் புத்தகப் பாரத்தில் நடுவில் தொய்யும். ஆழம் 9 அங்குலம்தான். கூடுதல் ஆழம் இருந்தால் யாராவது பின்னால் இன்னொரு வரிசையை அடுக்கிவிடுவார்கள், பின்வரிசைப் புத்தகம் அத்தோடு மறைந்துபோகும். தமிழ் நூல்களில் பெரும்பாலானவை டெம்மி, கிரௌன் அளவுகள். டெம்மி ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் உயரம் என்பதால் தட்டுக்குத் தட்டு இடைவெளி பத்தரை அங்குலம். இதழ்த் தொகுப்புகளுக்கு அடித்தட்டில் 13 அங்குலம் விட்டிருக்கிறோம். அடித்தட்டு தரையிலிருந்து 6 அங்குலம் உயரத்தில் இருக்கிறது, தரை துடைக்கும் தண்ணீர் தெறிக்காது. சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்தியிருப்பது சுவரின் ஈரம் படாமல் காற்று ஓடுவதற்காகத்தான். இடம் போதவில்லை என்று யாரும் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம்.

இந்தத் திருப்பணியில் குழு மிகவும் மதிக்கும் வேலை, வாசலுக்கு நேரே இருக்கும் சாய்வுப் பலகை. அலமாரியில் முதுகு காட்டி நிற்கும் நூலைத் தேடி வருபவர் மட்டுமே எடுப்பார். 80 பக்கத்துக்கு உட்பட்ட கவிதை நூல்களின் முதுகில் பெயர் அச்சிட இடமே இருப்பதில்லை. கம்பிப் பின் அடித்த 16 பக்க, 32 பக்கச் சிறுவர் நூல்களுக்கு முதுகே கிடையாது. எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் வரிசைக்குள் நுழைந்த நாளிலேயே அவை காணாமல் போகின்றன. ஆகவே அட்டைப்படம் தெரியும்படி 24 நூல்கள் நிற்கும் பலகை செய்தோம். ஒவ்வொரு படியிலும் ஒன்றரை அங்குலத் தடுப்புச் சட்டம். சிறுவர் நூல்களுக்கு எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் துணிப்பைகள் தொங்குகின்றன. பலகையிலுள்ள நூல்களை 15 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். மாற்றாத பலகை கண்ணுக்குப் பழகிவிடும்.

நூல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் உறுப்பினர்கள் சிலருக்கு மனவருத்தம் இருந்தது, அது எங்களுக்குப் புரிகிறது. பழைய பாடத்திட்டத்துக் கைடுகள், பக்கம் தொலைந்த நாவல்கள், மூன்றாம் நான்காம் பிரதிகள் கழிக்கப்பட்டன. தல வரலாறுகள், பள்ளி ஆண்டு மலர்கள், சிறு அச்சகங்களில் பதிப்பித்த ஊர் வெளியீடுகள் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. அவை வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் தொடங்கிய மதுரையின் பக்கத்து ஊர் நாம். அச்சுக்கு முந்தைய ஏடுகளையே தேடிச் சேர்த்த மண்ணில் நம் ஊரின் தாள்களை நாம் காக்காமல் இருக்க முடியாது.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும், பிறகு எடுக்கவும் வராது. மெல்லிய தாளும் அன்றன்று காய்ச்சிய மைதாப் பசையும் போதும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். அது நஞ்சு என்பதால் சிறுவர் நூல்களுக்குக் கலக்கவில்லை. நனைந்த நூலை வெயிலில் காயப்போடாதீர்கள். தாள் மஞ்சளாகும், அட்டை வளைந்துவிடும். நிழலில் விரித்து நிறுத்தி மின்விசிறி போடுங்கள். பூச்சி வராமலிருக்கத் தட்டுகளில் வசம்புப் பொட்டலம் வைத்திருக்கிறோம். வேப்பிலை வைப்பவர்கள் நன்றாகக் காய்ந்ததை மட்டும் வையுங்கள், பச்சை இலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும்.

இனி மதிப்புரை அட்டை. சாய்வுப் பலகையில் நிற்கும் ஒவ்வொரு நூலின் கீழும் அஞ்சல் அட்டை அளவில் ஒரு மதிப்புரை இருக்கும். அதை எழுதப்போவது நீங்கள்தான். முன்பக்கத்தில் நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை. மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் கட்டாயம். அந்த ஒரு பெயரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஒன்றில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும், இன்னொன்று சுருக்கப் பதிப்பாக இருக்கும். எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் மதிப்புரை வேறொரு நூலைப் பற்றியதாகிவிடும். பின்பக்கத்தில் 60 முதல் 80 சொற்கள். நூல் எதைச் செய்கிறது, எங்கே தொய்கிறது, எந்த மாதிரி வாசகருக்குப் பிடிக்கும், பக்க எண்ணோடு நூலிலிருந்து ஒரு வாக்கியம். முடிவைச் சொல்லக் கூடாது. பின்னட்டையில் இருப்பதைப் பெயர்த்தெழுதக் கூடாது. ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்ற வரி எந்த ஒருவரையும் படிக்க வைத்ததில்லை, அதையும் தவிர்த்துவிடுங்கள். பிடிக்காத நூலுக்கும் அட்டை எழுதலாம், காரணம் தெளிவாக இருந்தால் அது வாசகருக்குச் செய்யும் உதவி. எழுதத் தெரியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதினாலும் அது முழு மதிப்புரைதான்.

வாசிப்பு வட்டத்தின் மாதாந்தர மதிப்புரைக் கூட்டம் மாலை ஒன்றரை மணி நேரம். நூல்களை இரண்டு மாதம் முன்பே அறிவித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி வாங்குகிறோம். 15 நாள் தவணையில் ஒரு பிரதி நான்கு வீடுகளுக்குப் போகும். ஐந்து பிரதிக்கு இருபது பேர் படித்துவிட்டு வருவார்கள். ஒரே பிரதியை வைத்து நடத்தும் கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள், அது சொற்பொழிவாகிவிடும். தொடங்குபவருக்கு 12 நிமிடம். ஆசிரியரின் பிறப்பு வளர்ப்புக்கு அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழுக்கதையையும் சொல்லிவிட்டால் நூலை எடுக்க ஆள் இராது. அதற்குப் பதில் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். கொட்டை எழுத்தில் அச்சான ‘பெரிய எழுத்து’ நாட்டுப்புறக் கதை நூல்களை ஒருவர் படிக்க ஊரே கூடிக் கேட்ட வழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதன்று, நம் மூத்தோரின் காதுகள் இன்னும் அதற்குப் பழகியவை. நூலாசிரியரை அழைப்பதானால் நாம் பேசி முடித்த மறுமாதம் அழைப்போம். அவர் எதிரில் இருந்தால் குறையைச் சொல்ல நமக்கு நா எழாது. பொன்னாடை இல்லை, அந்தப் பணத்துக்கு இன்னொரு பிரதி.

கூட்ட நாளைக் குறிப்பதில் ஒரு கவனம். மல்லிகை வரத்து மிகுந்த பங்குனி முதல் ஆனி வரை பூ எடுக்கும் பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் இருக்க வேண்டும், இரவு சீக்கிரம் படுப்பார்கள். அந்த மாதங்களில் கூட்டம் முற்பகல் 11 மணிக்கு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கூட்டம் வைக்க வேண்டாம்.

படிப்பகத்துக்கு வர முடியாதவர்களுக்காகப் புத்தகப் பை. ஒரு பையில் 20 நூல், ஒரு பதிவு நோட்டு. ரேஷன் கடை வரிசை, பால் கூட்டுறவுச் சங்கம், தையல் கூடம் என்று வாரம் ஓரிடம். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நமக்கு ஒரு மிதிவண்டி போதும். பையில் கனமான நூல் வேண்டாம். சிறுகதை, சமையல், வேளாண்மை, பெரிய எழுத்தில் அச்சான சிறுவர் நூல் ஆகியவைதான் முதலில் கைமாறும். திரும்பி வராத நூலுக்கு அபராதம் வாங்க வேண்டாம் என்பது குழுவின் உறுதியான கருத்து. அபராதத்துக்கு அஞ்சி நூலையும் தராமல் ஆளும் வராமல் போவதே நேரும்.

2023-இல் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு ஊர்ப் படிப்பகம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே போகட்டும், நாமே அனுப்புவோம். அரை மணி ஓய்வு கிடைக்கும் ஒரு பெண் நடந்து வந்து நூலை மாற்றிக்கொண்டு போக இந்தத் திண்ணைதான் வேண்டும்.

உபயதாரர்களின் பெயரை டியூப் லைட்டிலும் மின்விசிறியிலும் எழுதுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. உபயம் செய்ய விரும்புவோர் மதுரைத் தமுக்கம் மைதானப் புத்தகக் கண்காட்சிக்கான கொள்முதல் பட்டியலில் ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கலாம், அதன் முதல் பக்கத்தில் பெயர் எழுதப்படும். பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு சிறுவர் நூல்கள்.

நிலுவையில் உள்ளவை: கிழக்கு ஜன்னலுக்குக் கொசுவலை, சிறுவர் மேசை ஒன்று (உயரம் 22 அங்குலம்), பதிவேட்டைப் புதிதாக எழுத நல்ல கையெழுத்துள்ள இருவர். மதிப்புரை அட்டைகளும் பேனாவும் வாசல் மேசையின் இழுப்பறையில் உள்ளன, அதற்குப் பூட்டு இல்லை.

இப்படிக்கு,
படிப்பகத் திருப்பணிக் குழு