மேட்டூர் அணையும் எங்கள் ஏரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மேட்டூர் அணை பற்றிய கட்டுரை படித்தேன். டெல்டா பாசனம், நீர்மின் நிலையம் எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: 'அணையை வாசலிலேயே வைத்திருக்கும் சேலத்துக்காரர்களுக்குத் தண்ணீர்க் கவலை ஏது?' எழுதியவர் ஒரு தடவை எங்கள் சேலம் மாவட்டத்து நங்கவள்ளி, மேச்சேரிப் பக்கம் வந்திருந்தால் இதை எழுதக் கை வந்திருக்காது. என் காட்டில் ஆயிரம் அடிக்கு போர் போட்டேன். வெள்ளை வெளேரென்று கல்மாவுதான் பறந்தது. போர் வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் காசு கொடுத்துவிட்டு, கடலைச்செடி காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1925-ல் வேலை தொடங்கி 1934-ல் திறந்த அணை அது. அதற்காக ஊர் ஊராகக் காலி செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் தாத்தா பிறந்த ஊரும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. நீர்மட்டம் இறங்கி பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிந்தால் எல்லாப் பத்திரிகையும் படம் போடுகிறது. அங்கே குடியிருந்த சனம் எங்கே போய்ப் பிழைத்தது என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய் இருக்கிறதே என்பீர்கள். சரி. சேலம், நாமக்கல், ஈரோடு மூன்றுக்கும் சேர்த்து 45,000 ஏக்கர். ஆகஸ்ட் 1-ல் திறந்தால் 137 நாள். எங்கள் மேட்டுக்காட்டுக்கு அது ஏறாது. அதனால்தான் 565 கோடி ரூபாயில், மோட்டார் வைத்து நீரேற்றி 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் வந்தது. அதுவும் அணை நிரம்பி வழியும் உபரிநீரில் ஒரு பங்குதான். டெல்டா விவசாயி வயிற்றில் அடிக்க நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஜூன் 12-ல் குறுவைக்குத் திறந்தார்கள் என்றால் எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்தத் தண்ணீர் சுரங்க மின்நிலையத்தைச் சுற்றிவிட்டுப் போவதால்தான் கரண்டும் கிடைக்கிறது. எங்கள் பம்புசெட்டுக்கு மட்டும் மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வருகிறது. பாம்பு நடமாடும் நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு வாய்க்கால் திருப்பப் போகிறோம்.

கடைசியாக அணை 120 அடியைத் தொட்டு, உபரிநீரை வெளியேற்றும் 16 கண் மதகில் தண்ணீர் போனபோது, எங்கள் ஏரிக்கு எப்போது ஏற்றுவார்கள் என்று கேட்கப் போனேன். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸைக் காட்டினார்கள். அங்கே, "மோட்டார் ஓடுதுங்க, வரும் போங்க" என்றார்கள். ஏரியில் இன்றும் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது.

அந்த வரிக்கு மறுப்புப் போடச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். தினமும் அணையின் நீர்மட்டம், வரத்து, டெல்டாவுக்குத் திறப்பு என்று ஒரு கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, கால்வாயில் எத்தனை கனஅடி போகிறது, இன்று எந்த ஏரிக்கு நீரேற்றுகிறார்கள் என்று இன்னும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். விதைக்கடலை வாங்குவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நங்கவள்ளி, சேலம் மாவட்டம்.