அண்ணா, அடுத்த காரில் விங் இல்லை

அண்ணா,

முடிவெடுத்துவிட்டோம். முன்னாலும் விங் (காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) இல்லை, பின்னாலும் இல்லை. வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். குழுவின் வலைப்பக்கத்தில் ஏன் போடுகிறாய் என்று கேட்பீர்கள். தனியாக அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் நீலக் குறி விழுந்ததோடு சரி. அதனால்தான்.

நாமே கட்டிய காரோடு மாணவர் பந்தயக் கார் போட்டிக்கு ஜப்பான் போய் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம்.

முதலில் கணக்கு. விங் வேலை செய்யவில்லை என்று யாரும் பேசக் கூடாது. செய்தது. நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டி, டேம்பர் (சக்கரத்தின் அதிர்வுதாங்கி) எவ்வளவு அமுங்குகிறது என்று சென்சாரில் பார்த்தோம்: விங் தந்த அழுத்தம் 16 கிலோ. உங்கள் சிமுலேஷன் சொன்னது 30. மீதி எங்கே போனது என்று தேட, பின் விங்கின் அடிப்பக்கம் முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, ஓட்டிப் படம் எடுத்தோம். பெரிய பிளேட்டில் நூல்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. அதன் பின்னால் இருக்கும் சின்ன பிளேட்டான ஃபிளாப்பில் சாமி வந்து ஆடின. இரண்டுக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 13 இருந்தது. விங்கின் இரு ஓரத் தகடுகளான எண்ட்பிளேட்களின் துளைகளை ஜிக் (துளை இடம் மாறாமல் பிடிக்கும் சட்டம்) இல்லாமல் கையால் போட்டதன் பலன். தாங்கு குழாய்களும் மெல்லியவை. வேகம் கூடக் கூட விங் பின்னால் சாய்ந்து கோணத்தை விட்டது. வடிவத்தில் பிழை இல்லை. கட்டியதில்தான் பிழை. கட்டியது நாங்கள்.

ஓட்டுநரோடு சேர்த்து 290 கிலோ காருக்கு 16 கிலோ அழுத்தம் என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல் பிடி. அதுவும் 50-இல். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் வட்டமடிக்கும் ஸ்கிட்பேட் சுற்றில் 37-இல் சுற்றும்போது 9 கிலோவுக்கும் குறைவு. விங்கின் எடை 13 கிலோ. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 11 வாரம். மோல்டைத் தேய்த்து, மெழுகு பூசி, வாக்குவம் பையில் ஓட்டை தேடி, ரெசின் காயக் காத்திருந்து, கார் தரையில் இறங்கியபோது கப்பலேற்ற 16 நாள்தான் இருந்தது. அதில் பாதி மழை. மொத்தம் ஓட்டிய தூரம் 31 கிலோமீட்டர். போட்டியின் நீண்ட ஓட்டமான எண்டியூரன்ஸ் ஒன்றே 22 கிலோமீட்டர்.

(2008-இலிருந்து மரினா பேயில் இரவைப் பகலாக்கி ஃபார்முலா ஒன் ஓடும் ஊர் இந்தச் சிங்கப்பூர். நமக்கு ஞாயிறு காலை ஒரு திறந்தவெளிக் கார்நிறுத்துமிடம் வாங்க எத்தனை கடிதம் எழுதினோம் என்று உங்களுக்கே தெரியும். 1961-இலிருந்து 1973 வரை தாம்சன் சாலையிலேயே பந்தயம் ஓட்டினார்கள் என்று சொன்னால் புதுப் பிள்ளைகள் நம்புவதில்லை.)

இனி அந்த மூன்று நிமிடம். எண்டியூரன்ஸ் நடுவில் ஓட்டுநர் மாறத் தரும் நேரம்.

நீங்கள் 11 கிலோமீட்டர் முடித்து உள்ளே வந்தீர்கள். எஞ்சினை அணைத்து, இறங்கி, அடுத்தவரின் பெல்ட்டை நீங்களே இழுத்துக் கட்டினீர்கள். நடுவர் கையில் கடிகாரம். இன்னும் 40 விநாடி இருந்தது. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது, டேஷ் அணைந்து மறுபடி எரிந்தது. இரண்டாவது முறை முனகல்கூட இல்லை. ரிலே மட்டும் டிக், டிக். நீங்கள் பின்னால் போய், கையுறையைக் கழற்றி, விங்கின் எண்ட்பிளேட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. பிறகு எல்லாரும் தள்ளிக்கொண்டு வந்தோம். எண்டியூரன்ஸ் 275, எரிபொருள் சிக்கனத்துக்கான எஃபிஷியன்சி 100. ஆயிரத்தில் 375 மதிப்பெண் அந்த டிக் சத்தத்தோடு போனது.

அன்றிரவுக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த மேசையில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அடுத்த ஆண்டுக்குப் பணம் தருபவர்களும் படிப்பார்கள். நான் சொன்னதை மட்டும் எழுதலாம். "முன் விங் ரேடியேட்டருக்குக் காற்று விடவில்லை, அதனால் சூடு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வோல்டேஜ் லாக் அப்போதே என் மடிக்கணினியில் இருந்தது.

கணக்கு இதுதான். தொடக்க வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டு 10 நிமிடம் நின்றோம். 9 ஆம்பியர்; அங்கேயே 1.5 ஆம்பியர்-மணி போயிற்று. ஓடும்போது ஃபேன், ஃப்யூல் பம்ப், இக்னிஷன், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் கேட்டன; எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் தரும் ஸ்டேட்டர் தந்தது 16. மீதி 4-ஐ 12 நிமிடம் பேட்டரி கொடுத்தது, அது 0.8. ஆக 2.3. பேட்டரியின் கொள்ளளவே 2.5. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் 8.7 வோல்ட்டுக்கு விழுந்து ஈசியூ ரீசெட் ஆனது. சூடு பிடித்த எஞ்சின் ஒரு சுற்றில் பற்றாது. இரண்டாவது சுற்றுக்குக் கரண்ட் இல்லை.

அந்த லித்தியம் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது நான். பழைய ஈய பேட்டரியை விட இரண்டரை கிலோ குறைவு. உங்கள் விங் ஏற்றிய 13 கிலோவில் கொஞ்சமாவது இறக்க வேண்டும் என்று நீங்கள்தான் எல்லாரையும் விரட்டினீர்கள். காற்று தடைபடாவிட்டால் ஃபேன் அவ்வளவு நேரம் ஓடியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் வரிசையில் ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. உங்கள் விங் பழியைச் சுமந்தது. மன்னித்துவிடுங்கள், அண்ணா.

மன்னிப்பு கேட்டதால் மற்றதையும் கேட்கிறேன். வேலை கிடைத்த மறுவாரம் நீங்கள் போனீர்கள். சரி, எல்லாரும் போகத்தான் போகிறார்கள். மோல்ட் (விங்கின் அச்சு) கோப்புகளையும், எந்த அடுக்கில் எந்தத் துணி என்ற தாளையும் கூடவே கொண்டுபோனது என்ன நியாயம்? முதலாண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் உடைந்த ஃபிளாப்பை அறுத்து, அடுக்கை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். விங்கைக் கைவிட்டதற்கு நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். அந்தத் தாள் இருந்திருந்தால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

இனி என்ன செய்கிறோம் என்றால், ஸ்கிட்பேடில் நம் நேரம் 5.6 விநாடி, அதாவது பக்கவாட்டுப் பிடி 1.2 ஜி-கூட இல்லை. அந்த டயர் 1.4 தரும். மீதியை விங்கில் தேடியது வீண். காரை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் கடகடவென்கிறது. 12, 6-இல் பிடித்தால் அசையவில்லை. பேரிங் நல்லது, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் பக்கம்தான் கோளாறு. பிராக்கெட்டில் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறோம். ரிம்மில் 20 கிலோ தள்ளினால் டோ, அதாவது சக்கரம் நோக்கும் திசை, ஒரு டிகிரி நகர்கிறது. நூல் கட்டி அரை மில்லிமீட்டருக்கு அலைன்மெண்ட் பார்த்ததெல்லாம் முதல் வளைவிலேயே காலி. இரண்டு பக்கமும் பிடிக்கிற பிராக்கெட் வெட்டக் கொடுத்தாயிற்று. உங்கள் 'முன்பக்கம் வழுக்குகிறது' புகாரில் பாதி இதிலேயே தீரும் என்று நினைக்கிறேன்.

மற்ற பாதி டயர். குளிர்ந்த நிலையில் 10 பிஎஸ்ஐ வைத்து, நின்றவுடன் உள், நடு, வெளி மூன்றிலும் ஊசி வெப்பமானியால் பார்க்கிறோம். உள்விளிம்பு 15 டிகிரி கூடுதல் சூடு. கேம்பர் (சக்கரம் உள்பக்கம் சாயும் கோணம்) அதிகம்.

ரேடியேட்டரின் உச்சியில் காற்று வெளியேற ஒரு திருகு வைத்தாயிற்று. மூக்கைத் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். பேட்டரி பழைய ஈயம். வரிசையில் ஃபேன் நிற்கும். ஒவ்வொரு சோதனையிலும் 11 கிலோமீட்டர் ஓட்டி, அணைத்து, மூன்று நிமிடம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்கிறோம். பழைய காரில் இதுவரை 14 முறை. பதினான்கிலும் பற்றியது.

புதுக் கார் மார்ச்சில் தரையில் நிற்க வேண்டும். 300 கிலோமீட்டர் ஓடாமல் பெட்டியில் போகக் கூடாது. முதல் பத்துக்குள் வருவோமா என்று கேட்காதீர்கள், வர மாட்டோம். 22 கிலோமீட்டரை முடிப்போம். அதற்கடுத்த ஆண்டு விங் வரலாம், ஜிக்கோடு.

பின் விங் பட்டறை மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எண்ட்பிளேட்டைக் கழற்றாமல் உங்கள் புளோக் மின்தூக்கியில் சாய்த்து ஏற்றலாம், அளந்து பார்த்துவிட்டேன். ஆறு மணிக்கு மேல் வந்தால் நான் இருப்பேன். கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) வாங்கி வைக்கிறேன். அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்.

தம்பி
(எலெக்ட்ரிக்கல்)