டேப் சுற்றினால் போதாது

ஆசிரியருக்கு,

வீட்டுத் தீ விபத்துகள் பற்றிய தங்கள் செய்தி பழைய வயர்களையே காரணமாகச் சொல்கிறது. புது வீடுகளிலும் ஆபத்து உண்டு. அது ஜாயின்ட்டில், அதாவது வயரோடு வயர் சேரும் இடத்தில் இருக்கிறது. வயரை முறுக்கி, டேப் சுற்றி, பைப்புக்குள் தள்ளி, மேலே பூசிவிடுகிறார்கள். பிடிப்பு தளர்ந்த ஜாயின்ட் சூடாகும். ஆனால் மின்னோட்டம் அளவைத் தாண்டாததால், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழாது. எங்கள் வீட்டில் கீசருக்கு மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. சுவரை உடைத்துப் பார்த்தால், டேப் உருகி வழிந்திருந்தது. செம்புக் கம்பி கருகி, தொட்டதும் உதிர்ந்தது. அதுவரை எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை.

இடையில் ஜாயின்ட் இல்லாமல் வயரை முழுநீளமாக இழுப்பதே நல்லது. முடியாத இடத்தில், திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள், வயரின் அளவுக்கேற்ற கனெக்டர் போட்டு இறுக்க வேண்டும். சரி, சுவருக்குள் இருப்பதை யார் பார்ப்பது? புது இணைப்புக்கு கான்ட்ராக்டர் தரும் சோதனை அறிக்கையோடு, பூச்சு வேலைக்கு முன் எடுத்த ஜங்ஷன் பாக்ஸ் படங்களையும் மின்வாரியம் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

– வாசகர், கரூர்